கம்பெனி திவாலானால் பங்குக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன் ஐயா. ஒரு கம்பெனியின் 2,000 பங்குகளை 46 ரூபாய் விலையில் வாங்கினேன். இப்போது அதன் மீது திவால் நடவடிக்கை தொடங்கி, விலை 1 ரூபாய் 80 காசுக்கு வந்துவிட்டது. இன்னும் 5,000 பங்கு வாங்கிச் சராசரியைக் குறைக்கலாம் என்கிறான் மகன். அதே கம்பெனியில் மனைவி பெயரில் 1 லட்ச ரூபாய் டெபாசிட்டும் இருக்கிறது. எங்களுக்கு என்ன கிடைக்கும்? கம்பெனியின் கடன் எங்கள் தலையில் விழுமா?

பதில்: விழாது. முழுத்தொகை செலுத்திய பங்கு என்றால், போட்ட 92,000 ரூபாயோடு சரி. உங்கள் கடையையோ வீட்டையோ யாரும் தொட முடியாது.

மகனிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னும் 9,000 ரூபாய் போட்டால் சராசரி 14 ரூபாய் 43 காசாகும், கணக்கு சரிதான். ஆனால் பங்கே ரத்தாகிவிட்டால் 7,000 பங்கும் ஒன்றுதான், 2,000 பங்கும் ஒன்றுதான்.

கிருஷ்ணகிரியில் நான் வங்கிக் கடன் பிரிவில் இருந்தபோது ஒரு மாங்கூழ் ஆலை ஏலத்துக்கு வந்தது. கொதிகலன் துருப்பிடித்துக் கிடந்தது, நிலத்துக்குத்தான் விலை. வந்த பணம் வங்கிக் கடனில் பாதிக்குக்கூடக் காணவில்லை. பங்குப் பத்திரத்தை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்து, "என் பங்குக்கு எவ்வளவு சார்?" என்று கேட்டார். பங்கு என்பது கடன் அல்ல, உரிமை. கடன்காரர் எல்லோரும் வாங்கியபின் மிஞ்சுவதுதான் உரிமையாளருக்கு என்று அவருக்கு விளக்கிய அந்த மதியத்தை என்னால் மறக்க முடியவில்லை.

2016-ஆம் ஆண்டு திவால் சட்டமும் அதையேதான் சொல்கிறது. சொத்தை விற்றால் முதலில் நடவடிக்கைச் செலவு. அப்புறம் தொழிலாளர்களின் 24 மாதச் சம்பள பாக்கியும் அடமானம் பெற்ற வங்கிகளும் சம அளவில். அதன் பிறகு ஊழியர்கள், அடமானமில்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசு பாக்கி, மற்ற கடன்கள், முன்னுரிமைப் பங்குதாரர்கள். எல்லோருக்கும் பின்னால்தான் நீங்கள். கம்பெனியை வேறொருவர் எடுத்து நடத்தினாலும் பழைய பங்கு பெரும்பாலும் தப்பாது. டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை 2021-இல் பிரமல் குழுமம் வாங்கியபோது பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ருச்சி சோயா என்ற சமையல் எண்ணெய் கம்பெனியைப் பதஞ்சலி எடுத்தபோது 100 பங்குக்கு 1 பங்கு நின்றது, அதுவே அபூர்வம்.

நமக்குப் பக்கத்து உதாரணம் கரூர் லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது (அது வங்கிச் சட்டப்படி நடந்தது) டெபாசிட்தாரர் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு மூலதனம் முழுதும் ரத்தானது.

அதனால்தான் உங்கள் மனைவியின் டெபாசிட் மேல் எனக்கு அக்கறை. பங்குதாரராகிய உங்களுக்குப் பாக்கியைக் கேட்கும் கோரிக்கை மனு கிடையாது. அவர் கடன் கொடுத்தவர், வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறார். முழுத்தொகையும் வராமல் போகலாம், ஆனால் மனு கொடுக்காவிட்டால் அந்தக் கொஞ்சமும் கைக்கு வராது. செய்தித்தாளில் வந்த பொது அறிவிப்பில் தீர்வு நிபுணரின் (திவால் நடவடிக்கையை நடத்துபவரின்) முகவரியும் கடைசித் தேதியும் இருக்கும். தேதி கடந்திருந்தால் இன்றே அனுப்புங்கள்; தாமத மனுவுக்கும் சட்டத்தில் சிறிது அவகாசம் உண்டு. இதற்குக் கட்டணம் இல்லை.

டெபாசிட் ரசீது, பான் அட்டை, வட்டி வரவான வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி வாருங்கள். படிவத்தை நானே உடனிருந்து நிரப்பித் தருகிறேன்.