கேள்வி – பதில்: பால்சா விமானம்

பால்சா என்ற லேசான கட்டையில் செய்து, ரப்பர் முறுக்கிப் பறக்கவிடும் சிறு விமான கிட் வாங்கியவர்கள் கேட்டவை இந்த முறை. கேள்விகள் எல்லாம் 50 செ.மீ. இறக்கை கொண்ட விமானங்களைப் பற்றியவை.

கேள்வி: பலகையிலிருந்து ரிப்புகளை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளை, தள்ளி எடுக்கும்போது பாதி உடைந்துவிடுகிறது. பெவிகுயிக் வைத்து ஒட்டலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: விரலால் தள்ளவே வேண்டாம். அச்சில் அழுத்தி வெட்டிய பலகைகளில் வெட்டு மறுபக்கம் வரை முழுதாக இறங்கியிருக்காது. தள்ளினால் கட்டை நாரோட்டத்தில் கிழிந்துகொள்ளும். பலகையைத் திருப்பிப் போடுங்கள். 220 நம்பர் உப்புத்தாளைத் தட்டையான மரத்துண்டில் சுற்றி மெல்லத் தேயுங்கள். வெட்டுக்கோடு தெரிந்ததும் மிச்சத்தைப் புது பிளேடு முனையால் அறுத்துவிடலாம். மழுங்கிய பிளேடு பால்சாவை வெட்டாது, நசுக்கும்.

உடைந்த துண்டுகள் பொருந்துமானால் பெவிகுயிக் ஒரு துளி போதும். ஆனால் சட்டத்தைக் கட்ட வெள்ளைப் பெவிகாலே நல்லது. கோணம் பார்த்துத் திருத்த அவகாசம் தரும், காய்ந்தபின் உப்புத்தாளுக்கும் ஒத்துழைக்கும். ஈர்க்குச்சி முனையில் ஒரு பொட்டு எடுத்தால் போதும். அள்ளி வைத்தால் அதிலுள்ள நீரில் பால்சா ஊறி, காயும்போது சட்டத்தை இழுக்கும், எடையும் கூடும். வரைபடத்தின் மேல் பாலிதீன் தாள் விரித்துக்கொள்ளுங்கள், பசை அதில் பிடிக்காது. உடலின் இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகவே கட்டுங்கள். இரண்டுக்கும் நீளவாட்டில் ஒரே விறைப்புள்ள குச்சிகளாகப் பொறுக்குங்கள். ஒன்று விறைப்பாகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால் உடல் ஒருபக்கம் வளைந்துவிடும்.

கேள்வி: இறக்கைக்கு டிஷ்யூ தாள் ஒட்டி, டோப் (தாளை இறுக்கும் வார்னிஷ் போன்ற பூச்சு) அடித்து, வெயிலில் காயவைத்தோம். காலையில் நேராக இருந்த இறக்கை மாலையில் முறுக்கிக்கொண்டது. (வாசகர், திருமங்கலம்)

பதில்: முக்கியமான குற்றவாளி வெயில் அல்ல, பிடித்து வைக்காமல் காயவிட்டதுதான். தண்ணீர் பட்ட தாளும் டோப் ஏறிய தாளும் காயும்போது சுருங்கும். மேல்தாளும் கீழ்த்தாளும் ஒரே அளவில் சுருங்காவிட்டால், மெல்லிய சட்டம் பலமாக இழுக்கும் பக்கம் சாயும். வெயிலில் ஒரு பக்கம் முந்திக் காய்வதால் கோளாறு இரட்டிப்பாகும்.

முதலில் தாளின் நாரோட்டத்தைப் பாருங்கள். ஓரத்தில் கிழித்தால் எந்தத் திசையில் நேராகக் கிழிகிறதோ, அதுவே நாரோட்டம். அது இறக்கையின் நீளவாட்டில் இருக்கட்டும். ஒட்டியபின் நீரைப் புகைபோலத் தெளித்து, தட்டையான பலகையில் குண்டூசி குத்திப் பிடித்து, நிழலில் காயவிடுங்கள். கீழ்த்தாள் பலகையில் ஒட்டாதபடி, ரிப்புகளுக்கு அடியில் ஒரே உயரமுள்ள சிறு கட்டைகள் வையுங்கள். டோப்பை தின்னருடன் சரிபாதி கலந்து இரண்டு மெல்லிய பூச்சு அடித்தால் போதும். சில சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் சுருக்கும் வேகம் தணியும். ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் மறுபடி பலகையில் பிடித்து ஓர் இரவு விடுங்கள். அறைக்கதவு திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. தின்னர் ஆவி தீப்பற்றும்.

இப்போதுள்ள முறுக்கையும் சரிசெய்யலாம். கொதிக்கும் பாத்திரத்து ஆவியில் அந்தப் பகுதியைக் காட்டி, எதிர்ப்பக்கமாகச் சற்றுக் கூடுதலாகத் திருகி, ஆறும்வரை பிடித்திருங்கள். இரண்டு நுனிகளிலும் பின்விளிம்பு 2–3 மி.மீ. மேல்நோக்கி இருப்பது நல்லதே, அளவு மட்டும் ஒன்றாக இருக்கட்டும். பின்விளிம்பு கீழே இறங்கியிருந்தால், அந்த நுனி முதலில் தூக்கு விசையை இழந்து விமானத்தைச் சுழற்றிக் கவிழ்க்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் டோப் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து பூச்சு வெளுத்துவிடும்.

கேள்வி: எறிந்தால் மூக்கைத் தூக்கி நின்று, சரிந்து, மறுபடி தூக்குகிறது. (வாசகர், சோழவந்தான்)

பதில்: வால் கனம். வரைபடத்தில் எடை சமனாகும் இடமாகக் குறித்த இடத்தில் இரு விரலால் தாங்கிப் பாருங்கள், விமானம் சாயாமல் நிற்க வேண்டும். குறி இல்லையென்றால் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கலாம்: 7.5 செ.மீ. அகலத்துக்கு 2.5 செ.மீ. ரப்பரும் புரொப்பெல்லரும் மாட்டிய பிறகே தாங்கிப் பார்க்க வேண்டும். மூக்கில் களிமண்ணைப் பயறளவு பயறளவாகச் சேருங்கள்.

முறுக்காமல் சீராக இறங்கும்வரை ரப்பரைத் தொடாதீர்கள். பிறகு 50 சுற்று, 100 சுற்று என ஏற்றுங்கள். முறுக்கியபோது மட்டும் மூக்கைத் தூக்கினால் களிமண்ணைக் கூட்டாதீர்கள், முறுக்கில்லாமல் சறுக்கி இறங்குவது கெட்டுவிடும். மூக்குக் கட்டையின் மேல்விளிம்பில் 1 மி.மீ. சில்லு செருகி, புரொப்பெல்லரைச் சற்றே கீழ்நோக்கச் செய்யுங்கள். ரப்பருக்கு விளக்கெண்ணெய் தடவலாம். மெஷின் எண்ணெய் அதை அரித்துவிடும்.

கேள்வி: எங்கே, எப்போது பறக்கவிடலாம்? (வாசகர், செல்லூர்)

பதில்: காலை ஆறிலிருந்து ஏழு மணிக்குள். வெயில் ஏறினால் தரையிலிருந்து காற்று கிளம்பிவிடும். ஆடியில் வேண்டாம், அம்மியையே நகர்த்தும் காற்றில் இந்த விமானம் நிற்காது. அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயல் மிக நல்ல இடம், விழுந்தாலும் அடிபடாது. வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். மதுரை விமான நிலையம் இருப்பதால் அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் போகவே வேண்டாம்.