மனசுக்குள் மூன்று எண்ணுங்கள்: ஒரு கணக்கு டீச்சரிடம் கேட்டவை

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்து நடுநிலைப் பள்ளிகளில் இருபத்தேழு வருஷம் பாடம் எடுத்தவள் நான். பெற்றோரும் புது ஆசிரியர்களும் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா: பொண்ணு பத்தாவது. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் படிக்கிறா. பரீட்சையில எல்லாம் மறந்துபோச்சுன்னு அழுவுறா. என்ன செய்யறது டீச்சர்?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா, உங்கள் பெண் சோம்பேறி இல்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் அது கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்துவிட்டதாக மனசு நம்பிக்கொள்ளும். பரீட்சையிலோ புத்தகம் இருக்காது, உள்ளே இருந்து எடுத்துத்தான் எழுத வேண்டும். அப்படி எடுப்பதை அவள் வீட்டில் ஒரு நாளாவது செய்து பார்த்தாளா?

ஒரு பாடம் படித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். ரஃப் நோட்டில் நினைவுக்கு வந்ததை எல்லாம் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். அந்தச் சிவப்புதான் அவள் படிக்க வேண்டிய பாடம். மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை இதையே செய்ய வேண்டும். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் தன்னையே சோதித்துப் பார்த்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று 1885இல் எழுதினார். மறக்கத் தொடங்கும் நேரத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தால் நிற்கும். பள்ளியில் வைக்கும் ஸ்லிப் டெஸ்ட்டும் இதற்காகத்தான், மார்க்குக்காக அல்ல.

நீங்கள் படிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. சோறு போடும்போது, "இன்னிக்கு எதைப் பார்க்காம எழுதின?" என்று கேளுங்கள், போதும். அப்புறம், பத்து மணிக்குத் தூங்க விடுங்கள்.

வியாசர்பாடியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்: கேள்வி கேட்டால் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்களை எப்படிப் பேச வைப்பது?

கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் தம்பி? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளில் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். தொடக்கத்தில் அந்த அமைதி தாங்க முடியாததாக இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள், மூன்றில் ஒன்று பெரியதா, நாலில் ஒன்று பெரியதா என்று கேட்டேன். "நாலுல ஒண்ணு!" என்று வகுப்பே கத்தியது. மூன்றைவிட நாலு பெரிசு, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. நான் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பையன், அப்பா மீன் வெட்டுகிறவர். ரொம்ப நேரம் மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். "மிஸ், ஒரு வஞ்சிரத்த மூணு பேருக்கு வெட்டினாதான் துண்டு பெருசா வரும். நாலு பேருன்னா சின்னதாப் பூடும்" என்றான். அந்த வருஷம் முழுக்க பின்னம் எங்கள் வகுப்பில் மீன் துண்டாகத்தான் இருந்தது. நான் அவசரப்பட்டு விடையைச் சொல்லியிருந்தால் அவன் கோடு பாதியில் நின்றிருக்கும்.

இன்னொன்று: பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். கேள்வியைக் கேட்டு, காத்திருந்து, பிறகு பெயர் சொல்லுங்கள். முதலிலேயே பெயர் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும் யோசிப்பதை விட்டுவிடுவார்கள்.

திருவொற்றியூர், ஆட்டோ ஓட்டும் அப்பா: முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்னு எங்க வாத்தியாரு சொல்வாரு. இப்ப அடிக்கவே கூடாதுங்கறாங்களே?

ஆமாம், கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனை, மனதைத் துன்புறுத்துவது இரண்டையும் தடுக்கிறது. ஆனால் நான் கைவிட்டது சட்டத்தால் இல்லை அண்ணா. வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் பீரியடில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணை ஸ்கேலால் அடித்தேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சாயங்காலம் அவள் அக்கா சொல்லித் தெரிந்தது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்து, பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வந்ததைப் பார்த்தபோது, அவளைத்தான் நினைத்தேன்.

எட்டாவது வரை ஆல் பாஸ் போடுவதால்தானே படிப்பு கெடுகிறது? (ராயபுரம்)

அஞ்சாவதில் ஒரு பிள்ளையை ஃபெயில் போட்டால், அடுத்த வருஷமும் அதே பாடத்தை அதே மாதிரிதான் கேட்கும். புரியாததற்கு அது மருந்தாகாது. பெண் பிள்ளை என்றால் வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஐந்திலும் எட்டிலும் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியை மாற்றியபோது, எட்டு வரை தேர்ச்சி தொடரும் என்று தமிழ்நாடு சொன்னதை வரவேற்கிறேன். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் ஒன்பதாவதுக்குப் போகும் பிள்ளையைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது. அதற்கு மூன்றாவதிலேயே தினம் அரை மணி நேரம் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

வகுப்பில் பெஞ்சுகளை 'ப' வடிவத்தில் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைப்பது நல்லதா?

இருபத்தைந்து பேர் என்றால் நன்றாக இருக்கும். நாற்பது பேர் என்றால் ஓரத்தில் இருக்கிறவனுக்குக் கழுத்து வலிக்கும், பலகையும் தெரியாது. பெஞ்சு எப்படி இருந்தாலும் நீங்கள் கடைசி வரிசை வரை நடந்து போங்கள்.

புளியந்தோப்பு மாணவன்: ஒரே ரூம்ல அஞ்சு பேரு. டிவி ஓடினே இருக்கும். எப்படிப் படிக்கிறது மிஸ்?

கண்ணா, இரண்டு மணி நேர அமைதி உனக்கு வீட்டில் கிடைக்காது, அதைத் தேடாதே. எழுதுவதையும் கணக்குப் போடுவதையும் பள்ளி விட்டதும் வகுப்பிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து முடித்துவிடு. உன் டீச்சரிடம் கேள், விடுவார்கள். இல்லையென்றால் பக்கத்து நூலகம். வீட்டுக்கு வந்தால் நோட்டு வேண்டாம். தண்ணி பிடிக்க வரிசையில் நிற்கும்போது, அன்றைக்குப் படித்ததில் ஐந்து விஷயம் பார்க்காமல் சொல்லிப் பார். நாலுதான் வந்தால், அந்த ஐந்தாவதை நாளைக்குக் காலையில் முதலில் திறந்து பார்.