மழைக்கு நிலையில் பிடிக்கும் கதவு

ஐப்பசி மழை தொடங்கியதும் வேப்பமரக் கதவு நிலையில் பிடிக்கிறது, இழைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது இழைப்புளியைத் தொடாதீர்கள். ஈரம் குடித்த மரம் அகலத்தில்தான் உப்பும். நீளத்தில் அனேகமாக மாறாது. இன்று சீவினால் மாசியில் விரல் நுழையும் சந்து விழும். எங்கள் பட்டறையில் அப்பா சொல்லியும் கேட்காமல் நான் ஒரு கதவை அப்படிக் கெடுத்தவன்தான்.

முதலில் மேல் கீலின் திருகாணிகளை முடுக்கிப் பாருங்கள். பல கதவுகள் அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் நிலையில் சாக்பீஸ் தேய்த்து மூடித் திறங்கள். கதவில் வெள்ளை ஒட்டிய இடம்தான் உரசுகிறது. அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்து இந்த மழையை ஓட்டிவிடுங்கள்.

அப்புறம் தை வெயிலில் கழற்றி அடிவிளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பெயிண்டே இருக்காது. ஈரம் ஏறும் வழி அதுதான், இரண்டு கோட் அடித்துவிட்டு மாட்டுங்கள்.