ஓசோனுக்கு நல்லது என்றால் ஆளுக்கும் நல்லதா? உலோகம் கழுவும் சால்வென்ட்கள் பற்றிக் கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேல் டீகிரீசிங் தொட்டிகளோடுதான், அதாவது உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் தொட்டிகளோடுதான் என் வேலை. ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற சால்வென்ட்டில் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்) ஆரம்பித்து காரக் கரைசல், ஒலி அலையால் கழுவும் அல்ட்ராசோனிக், வெற்றிட இயந்திரம் வரை எல்லாவற்றிலும் கை நனைத்திருக்கிறேன். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். சிலதுக்கு நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது, சிலதுக்கு நாலு வரி போதும்.

கேள்வி: டிரம்மில் ‘ஓசோன் பாதுகாப்பானது’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. கையுறை, முகமூடி இல்லாமல் பயன்படுத்தலாமா சார்?

கூடாது. அந்த வாசகம் வானத்தைப் பற்றியது, தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பற்றியது இல்லை. ஒரு சால்வென்ட் ஓசோனைக் கெடுக்க வேண்டுமென்றால் அதில் குளோரினோ புரோமினோ இருக்க வேண்டும், அதோடு தரையிலிருந்து கிளம்பி ஓசோன் இருக்கும் மேலடுக்கு வரை சிதையாமல் போய்ச் சேரவும் வேண்டும். ட்ரைகுளோரோஎத்திலீனில் குளோரின் இருக்கிறது, ஆனால் காற்றில் சில நாட்களிலேயே சிதைந்துவிடுவதால் ஓசோன் கணக்கில் அது பெரிய குற்றவாளி இல்லை. அதே ட்ரைகுளோரோஎத்திலீனை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி’ என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஓசோனுக்குத் தொந்தரவில்லை, மனிதனுக்கு விஷம். இரண்டும் ஒரே திரவம்தான்.

என்-புரோபைல் புரோமைடு கதை இன்னும் வேதனையானது. ஓசோனைக் கெடுத்த பழைய சால்வென்ட்களுக்குத் தடை வந்தபோது ‘அப்படியே ஊற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லி விற்கப்பட்ட திரவம் அது. 71 டிகிரியில் கொதிக்கும், எண்ணெயை நன்றாகக் கரைக்கும், பழைய இயந்திரத்தையே வைத்துக்கொள்ளலாம். இதே திரவம் கலந்த பசையை மெத்தைப் பஞ்சுக்குத் தெளித்த தொழிலாளர்களுக்குக் கால் மரத்துப் போய், சிலருக்கு நடக்கவே முடியாமல் ஆனது. நரம்பைத் தாக்கும் திரவம். அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் பரிந்துரை வரம்பு முதலில் 10 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு) என்று இருந்தது, பிறகு 0.1க்கு இறக்கிவிட்டார்கள். சாதாரணத் திறந்த தொட்டியை வைத்துக்கொண்டு அந்த அளவுக்குள் நிற்க முடியாது. அதனால் டிரம்மின் முகப்பைப் படித்து முடிவு செய்யாதீர்கள். பாதுகாப்புத் தரவுத் தாளை வாங்கி, சுவாச வரம்பு எவ்வளவு, தீப்பிடிக்கும் வெப்பநிலை எவ்வளவு, நீண்டகால பாதிப்பு என்ன என்ற மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். ஏசி, ஃபிரிட்ஜ் வாயுதான் ஓசோனைக் கெடுத்தது என்று படித்திருக்கிறேன். உலோகம் கழுவும் திரவத்துக்கு இதில் என்ன பங்கு?

பெரிய பங்கும்மா. சிஎஃப்சி-113, மெத்தில் குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு மூன்றுமே கழுவும் திரவங்களாகப் பயன்பட்டவை. ஃபிரிட்ஜில் வாயு மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. கழுவும் தொட்டியில் அப்படி இல்லை, ஊற்றியதில் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில்தான் போகும், போன அளவுக்குத் திரும்ப ஊற்றுவார்கள். மேலே போனதும் புற ஊதாக் கதிர் பட்டு குளோரின் அணு பிரிகிறது, அந்த ஓர் அணு அடங்குவதற்குள் ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை உடைத்துவிடுகிறது. வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் இதை 1974இல் எழுதினார்கள், 1985இல் அண்டார்டிகா மேலே ஓசோன் ஓட்டை தெரிந்தது, 1987 செப்டம்பர் 16 அன்று ஓசோனைக் கெடுக்கும் பொருட்களை நிறுத்துவதற்கான மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வளர்ந்த நாடுகளில் இந்த மூன்றின் உற்பத்தியும் 1996 தொடக்கத்தோடு நின்றது, வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம் தந்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் மெத்தில் குளோரோஃபார்ம். அதன் ஆயுள் காற்றில் சுமார் 5 வருடம்தான், அதனால் உற்பத்தியை நிறுத்தியதும் வளிமண்டல அளவு மளமளவென்று இறங்கியது. இன்று உச்சத்தில் இருந்ததில் நூற்றில் ஓரிரு பங்குதான் மிச்சம். தொட்டிப் பக்கம் நிற்கிற எங்களைப் போன்றவர்கள் திரவத்தை மாற்றியது வானத்தில் அளந்து பார்க்கிற அளவுக்குத் தெரிந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது.

கேள்வி: ட்ரைகுளோரோவை விட்டுவிட்டுத் தண்ணீர் சார்ந்த கழுவலுக்கு மாறினோம். இரும்புப் பாகம் துருப்பிடிக்கிறது, துளைகளில் ஈரம் நிற்கிறது, அலுமினியம் கறுக்கிறது. பழையதற்கே திரும்பிவிடலாமா என்று முதலாளி கேட்கிறார். என்ன சொல்வது அண்ணா?

திரும்ப வேண்டாம் தம்பி. நீங்கள் திரவத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள், வேலை முறையை மாற்றவில்லை. சால்வென்ட் ஆவியில் கழுவுதல், அலசுதல், உலர்த்துதல் மூன்றும் ஒரே தொட்டியில் முடிந்துவிடும். தண்ணீரில் இவை மூன்றும் மூன்று தனி வேலைகள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும், சிஎஃப்சி-113க்கு அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட வேண்டாம். உலர்த்துவதற்குத் தனியாக ஏற்பாடு செய்யாமல் தண்ணீருக்கு மாறினால் எல்லோருக்கும் நடப்பதுதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது.

முதலில் துரு. கடைசி அலசலை 60, 70 டிகிரியில் வையுங்கள், அதில் கொஞ்சம் துருத்தடுப்பான் கலந்திருக்கட்டும். பாகம் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் தன் சூட்டிலேயே பாதி உலர்ந்துவிடும். கனமான பாகத்துக்கு இது நன்றாக வேலை செய்யும். மெல்லிய தகடு சீக்கிரம் ஆறிவிடும், அதற்குச் சூடான காற்று கட்டாயம். கழுவிய கூடையைச் சாப்பாட்டு இடைவேளைக்கு அப்படியே விட்டுப் போகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், துரு பிடிக்க அந்த நேரம் தாராளம்.

அடுத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் துளைகள். துளை வாய் மேலே பார்த்தபடி அடுக்கினால் எந்த இயந்திரமும் உங்களைக் காப்பாற்றாது. கவிழ்த்து அடுக்குங்கள், முடிந்தால் சுழலும் கூடை, அதற்குப் பிறகு காற்றால் ஊதுங்கள். அப்படியும் நிற்கிறதா, வெற்றிட உலர்த்திதான் வழி. 100 மில்லிபார் அழுத்தத்தில் தண்ணீர் 46 டிகிரியிலேயே கொதிக்கும், துளையின் அடியில் கிடக்கும் சொட்டும் வெளியே வந்துவிடும்.

அலுமினியம் கறுத்தது உங்கள் காரம் தந்த வேலை. இதே தவறை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பட்டறையில் எஃகுக்கு வைத்திருந்த தொட்டியில், பிஎச் 12க்கு மேல், அதாவது கடுமையான காரம், அவசரத்தில் ஒரு கூடை அலுமினிய மூடிகளை இறக்கினார்கள். அரை நிமிடத்தில் கூடையைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி. பார்ப்பதற்கு நன்றாகக் கழுவுவது மாதிரியே இருந்தது. அது ஹைட்ரஜன், உலோகமே கரைந்துகொண்டிருந்தது. எடுத்தபோது மூடிகள் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் இருந்தன, விரலால் தேய்த்தால் கரி ஒட்டியது. அந்தக் கரி, அலுமினியம் கரைந்த பிறகு மிச்சம் நின்ற செம்பு போன்ற கலப்பு உலோகம். அலுமினியத்துக்கு மிதமான பிஎச் உள்ள, சிலிகேட் கலந்த கிளீனரைத் தனித் தொட்டியில் வையுங்கள். எஃகும் அலுமினியமும் ஒரே தொட்டி என்ற ஆசை வேண்டாம்.

தெளிப்பு இயந்திரமாக இருந்து நுரை பொங்குகிறது என்றால், கிளீனரைக் குறை சொல்வதற்கு முன் வெப்பநிலையைப் பாருங்கள். தெளிப்புக்கான பல கிளீனர்கள் ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போனால்தான் நுரை அடங்கும். காலையில் தொட்டி சூடாகும் முன்பே பம்பைப் போடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: கழுவியது சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க லேப் எதுவும் எங்களிடம் இல்லை. எளிய வழி உண்டா?

உண்டு. கழுவிய பாகத்தைச் சுத்தமான தண்ணீரில் முக்கி எடுத்துச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் முகம் முழுக்க ஒரே விரிப்பாக அரை நிமிடம் நின்றால் எண்ணெய் இல்லை. எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் பிசுக்கு இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: முந்தைய அலசலில் சோப்பு மிச்சம் இருந்தாலும் தண்ணீர் விரிந்து நின்று ஏமாற்றும். அதனால் நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசிவிட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: அல்ட்ராசோனிக் தொட்டியில் மெருகேற்றிய பாகங்கள் புள்ளி புள்ளியாகிவிட்டன. இயந்திரக் கோளாறா?

கோளாறாக இருக்காது, அலைவரிசை பொருந்தவில்லை. 25 முதல் 40 கிலோஹெர்ட்ஸில் குமிழிகள் பெரிது, உடையும்போது அடியும் பலம், வார்ப்பு, எஃகுக்குச் சரி. மெருகு முகம், மென்மையான உலோகம் என்றால் 80க்கு மேல் போங்கள், நேரத்தையும் குறையுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றியதும் பாகத்தைப் போடாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் சத்தம் வரும், வேலை நடக்காது. தொட்டியின் பலம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க மெல்லிய அலுமினியத் தாளை நேராக இறக்கி அரை நிமிடம் பிடியுங்கள், சீராகப் பொத்தல் விழ வேண்டும். பிளாஸ்டிக் கூடை ஒலியைக் குடித்துவிடும், கம்பிக் கூடை வையுங்கள்.

கேள்வி: எங்களால் இப்போதைக்கு வேப்பர் டீகிரீசரை விட முடியாது. சால்வென்ட் மிக வேகமாகக் குறைகிறது. எங்கே போகிறது?

வேப்பர் டீகிரீசர் என்பது சால்வென்ட்டைக் கொதிக்கவைத்து, அதன் ஆவியில் பாகத்தைக் கழுவும் தொட்டி. சால்வென்ட் பெரும்பாலும் உங்கள் கூடையோடுதான் வெளியே போகிறது. கூடையை வெடுக்கென்று தூக்கினால் ஆவி அடுக்கும் சேர்ந்து மேலே வரும். அமெரிக்காவில் 1994இல் வந்த விதி நிமிடத்துக்கு 3.4 மீட்டருக்கு மேல் தூக்கக் கூடாது என்கிறது, கையால் தூக்கினால் அந்த நிதானம் வராது, மோட்டார் வையுங்கள். பாகத்திலிருந்து சொட்டுவது நிற்கும்வரை ஆவியிலேயே இருக்கட்டும். சொட்டுவது நின்றது என்றால் பாகம் ஆவியின் சூட்டுக்கு வந்துவிட்டது, இனி அதன் மேல் படிய ஒன்றுமில்லை. தொட்டிக்கு நேரே மின்விசிறி, திறந்த கதவு இருக்கக் கூடாது. வேலை இல்லாதபோது மூடி போட்டே இருக்க வேண்டும்.

அப்புறம், குளோரின் உள்ள சால்வென்ட் என்றால் அமிலத்தன்மையைத் தவறாமல் சோதியுங்கள். சிதையாமல் காக்கக் கலந்திருக்கும் நிலைப்படுத்தி தீர்ந்துபோன திரவமும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் தொட்டி கட்டுக்கு மீறிச் சூடாகும். காஸ்டிக் சோடாவை ட்ரைகுளோரோ பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், இரண்டும் சேர்ந்தால் வெடிக்கக்கூடிய டைகுளோரோஅசிட்டிலீன் உண்டாகும்.

கேள்வி: எச்எஃப்இ, எச்எஃப்ஓ என்று புதிதாகச் சொல்கிறார்களே, அதற்கு நேராகப் போய்விடலாமா?

இரண்டும் ஃபுளூரின் சேர்ந்த புதுவகை சால்வென்ட்கள். போகலாமா என்பது உங்கள் அழுக்கைப் பொறுத்தது. கரைக்கும் வலுவை அளக்கும் கௌரி-பியூட்டனால் எண் ட்ரைகுளோரோவுக்கு 129, எச்எஃப்இ-7100க்கு வெறும் 10. லேசான எண்ணெய், தூசி, நுண்ணிய துகள் என்றால் அற்புதமாகக் கழுவும், கெட்டி கிரீஸில் தோற்றுவிடும். அதனால்தான் டிரான்ஸ்-டைகுளோரோஎத்திலீனைக் கலந்து விற்கிறார்கள். எச்எஃப்ஓ-1233இசட்டி புவி வெப்பத்துக்கு நல்லது, ஆனால் 18, 19 டிகிரியிலேயே கொதிக்கும், திறந்த தொட்டியில் நிற்காது. இவற்றில் பலவும் ‘அழியாத வேதிப்பொருட்கள்’ என்று சொல்லப்படும் ஃபுளூரின் சேர்மங்கள் பற்றிய விவாதத்துக்குள் வருகின்றன, 3எம் நிறுவனம் அந்த வகை உற்பத்தியையே 2025க்குள் கைவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. பத்து வருடத்துக்கு இயந்திரம் வாங்குகிறவர் இதையும் யோசிக்க வேண்டும். எண்ணெய் அதிகமுள்ள பாகங்களுக்கு, மூடிய வெற்றிட இயந்திரத்தில் ஹைட்ரோகார்பன் அல்லது கழுவுவதற்கென மாற்றியமைத்த ஆல்கஹால் என்பது என் தேர்வு.

கேள்வி: வெல்டிங்குக்கு முன் பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்கிறோம். சரிதானே?

டப்பாவில் குளோரின் உள்ள சால்வென்ட் என்றால் வேண்டவே வேண்டாம். மிச்ச ஈரம், ஆவி மேல் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். சுவாசித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போங்கள், காத்திருக்காதீர்கள்.

கேள்வி: பெட்ரோலில் கழுவினால் இதெல்லாம் இல்லையே ஐயா, ஓசோனும் கெடாது?

ஓசோன் கெடாது, பட்டறை எரியும். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும், ஒரு சுவிட்சின் பொறி போதும். அதில் பென்சீன் வேறு இருக்கிறது. தீப்பிடி வெப்பநிலை 60 டிகிரிக்கு மேலுள்ள, வாசனை நீக்கிய ஹைட்ரோகார்பன் சால்வென்ட் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய ஸ்டோரில் பெயர் பாதி அழிந்த இரண்டு டிரம் கிடக்கிறது, குளோரின் சால்வென்ட் மாதிரி தெரிகிறது. பின்பக்கக் காலி மண்ணில் ஊற்றி ஆவியாக விட்டால் போதுமா?

தயவுசெய்து ஊற்றாதீர்கள். இவை தண்ணீரைவிடக் கனமானவை, ட்ரைகுளோரோவின் அடர்த்தி 1.46. மண்ணில் ஊற்றியதில் கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழே இறங்கி அடியில் தேங்கி, வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றில் கரையும். அப்படிக் கெட்ட நீரை மீட்பது மிகக் கடினம். டிரம்மைத் திறக்காமல், கசிந்தால் பிடிக்க அடியில் தட்டு வைத்து, நிழலில் தனியாக வையுங்கள். ‘உள்ளே என்னவென்று உறுதியில்லை, திறக்காதே’ என்று எழுதி ஒட்டுங்கள். அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களை வரவழைத்து, அவர்களே மாதிரி எடுத்துப் பார்த்துக் கொண்டுபோகட்டும். கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.