மழைக்கணக்கு இயல்பு, பயிர் கருகியது ஏன்?

மழை வழக்கத்தைவிடக் கூடியதா, குறைந்ததா என்று காட்டும் எஸ்பிஐ (SPI) குறியீடு அக்டோபர்–டிசம்பருக்கு ‘இயல்பு’ என்று வருகிறது, ஆனால் ராமநாதபுரம் மாவட்டத் திருவாடானைப் பக்கம் நெல் கருகிவிட்டது, எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். எஸ்பிஐ மழையை மட்டும்தான் பார்க்கும். 2010-இல் வந்த எஸ்பிஇஐ (SPEI) என்ற வறட்சிக் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். அது மழையிலிருந்து ஆவியாதல் தேவையையும், அதாவது வெயிலும் காற்றும் நிலத்திலிருந்தும் பயிரிலிருந்தும் இழுக்கக்கூடிய நீரையும், கழிக்கும். அந்தத் தேவையைக் கணக்கிடத் தார்ன்த்வைட் சூத்திரம் வேண்டாம், அது காற்றைக் கணக்கில் எடுக்காது. நம் கடற்கரைக்குக் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் பென்மன்-மான்டீத் சூத்திரம்தான் சரி.

அப்புறம், மூன்று மாத மொத்தம் ரொம்பவே ஏமாற்றும். நாலே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வானம் வெளுத்துக் கிடந்தாலும் கூட்டுத்தொகை அதேதான். புழுதியில் விதைத்து வானத்தை நம்பியிருக்கும் நிலம் அந்த இடைவெளியில்தான் சாகிறது. தினசரித் தரவை எடுத்து, வறட்சியும் வெப்பமும் சேர்ந்து விழுந்த நாட்களை எண்ணுங்கள். கண்மாய் எந்த வாரம் வற்றியது என்று விவசாயிகளிடம் கேட்டு, அதோடு ஒப்பிடுங்கள்.