சொந்தமாகப் போடும் நாவலின் அட்டைக்குத் தலைப்பு எழுத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கதை 1960களில் நடக்கிறது, அட்டையில் பழைய வாசனை வேண்டும், ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லை என்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன் நானும் இதே நிலையில்தான் இருந்தேன்.

என் சிறுகதைத் தொகுப்பின் பெயர் 'கொடுக்காப்புளி நிழல்'. இணையத்தில் கிடைத்த ஓர் அலங்கார எழுத்துருவின் மாதிரிப் பக்கத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். அதில் 'தமிழ்' என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல் எதில் போட்டாலும் அழகுதான். என் தலைப்பில் இருந்ததோ கொ, க்கா, ப்பு. பெரிதாகப் போட்டால் ஒரு வரியில் அடங்கவில்லை என்று 'கொடுக்' மேலேயும் 'காப்புளி' கீழேயுமாக உடைத்தேன். அந்த எழுத்துருவில் துணைக்காலும் ரகரமும் ஒரே அச்சு. 300 பிரதி வந்து இறங்கிய அன்று பெரியம்மா ஒன்றைக் கையில் எடுத்து, "கரப்புளியா? அது என்னடா புளி, நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார்.

அதனால், மாதிரிப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தலைப்பையே ஐந்தாறு எழுத்துருவில் தட்டி, அட்டையில் வரப்போகும் அளவிலேயே கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். நாலு நாள் கண்ணில் படட்டும். கதையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை, பத்தடி தள்ளி நின்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அந்த எழுத்தைப் பாருங்கள்.

அப்புறம் புள்ளி. மெல்லிய எழுத்துருக்களில் புள்ளி கடுகு மாதிரி இருக்கும். கிண்டிலுக்கு 1600 × 2560 பிக்சலில் அட்டை ஏற்றினாலும், வாசகர் அதைக் கைபேசியில் தபால்தலை அளவில்தான் பார்க்கிறார். அங்கே முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'க்க' வெறும் 'கக' ஆகிவிடும். படத்தின் மேல் வெள்ளை எழுத்து போடுவதாக இருந்தால் ஒரு படி தடித்ததையே எடுங்கள்.

நீளமான சொல்லை இடத்துக்காகப் பக்கவாட்டில் நசுக்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நெடுக்குக் கோடுகள் மட்டும் மெலிந்து எழுத்து நோயாளி மாதிரி ஆகிவிடும். 'அனெக் தமிழ்' எழுத்துருவில் ஒடுங்கியது முதல் அகன்றதுவரை பல அகலங்கள் இருக்கின்றன. இரண்டாம் பதிப்பில் அதன் ஒடுங்கிய வடிவத்தில் 'கொடுக்காப்புளி' ஒரே வரியில் உட்கார்ந்தது. கையெழுத்துச் சாயல் வேண்டுமானால் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' இருக்கிறது. இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும். திறந்த உரிமத்தில் இருப்பதால் விற்கிற புத்தகத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்ற இடங்களில் 'இலவசம்' என்று இருந்தால் உரிமத்தைப் படியுங்கள்; சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும்.

பழைய வாசனைக்கு வருகிறேன். உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் தலைப்பிலேயே லை, னை, ணை, றா, னா மாதிரி ஓர் எழுத்து இருக்கும். பெரியார் 1935லேயே தன் 'குடி அரசு' இதழில் இவற்றின் பழைய வடிவங்களை மாற்றிவிட்டாலும், தமிழ்நாடு அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல்தான். 60களின் அச்சில் பெரும்பாலும் தும்பிக்கை வைத்த 'லை'தான். அந்த ஒரு வளைவு போதும், பழுப்புக் காகிதப் பின்னணியெல்லாம் வேண்டாம். இன்றைய யூனிகோடு எழுத்துருக்களில் பெரும்பாலும் அது கிடைக்காது. நூலகத்தில் பழைய இதழ் ஒன்றை எடுத்து, அதைப் பார்த்துத் தட்டைப் பிரஷ்ஷால் முழுத் தலைப்பையும் நீங்களே இருபது முறை எழுதுங்கள். தேறியதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்துக் கோட்டு வடிவமாக்கினால் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். ஓவியர் ஆதிமூலம் கையால் எழுதிய புத்தகத் தலைப்புகளைத் தேடிப் பாருங்கள், பிசிறைப் பற்றிய பயம் போய்விடும்.

எழுத்துருவையே எடுத்தீர்கள் என்றால் அச்சகத்துக்கு அனுப்பும் முன் தலைப்பை 'கர்வ்' ஆக்கிவிடுங்கள், அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். அங்கே இருக்கும் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. யூனிகோடு தமிழ் உடைந்தால் 'கொ'வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புரூஃப் வந்ததும் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள், முதுகுப் பட்டையையும் சேர்த்து. நான் முதுகைப் பார்க்க மறந்து, இரண்டாம் பதிப்பு அலமாரியில் தலைகீழாக நிற்கிறது.