முதுகில் பெயர் இருந்தால் அது 1990 ஆட்டச் சட்டை அல்ல

கேள்வி: 1990 உலகக் கோப்பை மேற்கு ஜெர்மனி ஜெர்ஸி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முதுகில் 'மத்தேயஸ் 10' என்று அச்சாகியிருக்கிறது. ஆட்டக்காரர் அணிந்ததே என்று சொல்லி, விற்பவர் சான்றிதழும் தருகிறாராம். உள் லேபிள் மட்டும் துவைத்துத் துவைத்துப் போய்விட்டதாம். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 1990இல் அந்த அணியின் முதுகில் எண் மட்டும்தான் இருந்தது. தேசிய அணிகளின் பெரிய தொடர்களில் ஆட்டக்காரர் பெயர் முதுகில் ஏறியது 1992 ஐரோப்பியக் கோப்பையில்தான். உலகக் கோப்பைக்கு அது 1994இல் வந்தது. அந்த அணியின் தலைவர் லோதர் மத்தேயஸ் 10ஆம் எண் அணிந்தது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் மீதியை உங்களிடம் தள்ளப் பார்க்கிறார்கள்.

அடுத்து, சின்னத்துக்கு மேல் மூன்று நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நட்சத்திரம் ஒரு உலகக் கோப்பை வெற்றியைக் குறிக்கும். மூன்று இருந்தால் பேச்சே வேண்டாம். மூன்றாவது கோப்பையை அவர்கள் வென்றதே 1990 ஜூலை 8இல், ரோமில், அந்த இறுதி ஆட்டத்தில்தான். பிரேசில் சட்டைகளிலும் இதே கதை நடக்கிறது: 1979 வரை சின்னத்தில் பழைய விளையாட்டுக் கூட்டமைப்பின் சுருக்கமான சி.பி.டி. என்றுதான் இருந்தது, ஆனால் பின்னால் வந்த கால்பந்துக் கூட்டமைப்பின் சி.பி.எஃப். போட்ட '1970 அசல்' இன்னும் விற்பனைக்கு வருகிறது.

லேபிள் விஷயம். துவைத்தால் லேபிளில் உள்ள எழுத்து மங்கும். தைத்த துணி காணாமல் போகாது. கழுத்துத் தையலிலும் பக்கத் தையலிலும் வெட்டிய நுனி நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரி வேலை. மார்பில் மூவண்ணப் பட்டை ஓடும் அந்த வடிவத்தை அடிடாஸே பின்னாளில் மறுபதிப்பாகவும் விற்றது, தன் பழைய மூன்று இலைச் சின்னமான அதே மூவிலையோடு. அதனால் மூவிலை இருப்பது எதையும் நிரூபிக்காது. மறுபதிப்பின் லேபிளை வெட்டி எறிந்தால் 'பழைய அசல்' தயார்.

ஒரு விலக்கு உண்டு. சட்டை உண்மையிலேயே அந்தக் காலத்து ரெப்ளிகாவாக, அதாவது ரசிகர்களுக்குக் கடையில் விற்ற நகலாக இருந்து, பெயரையும் எண்ணையும் யாரோ பிறகு ஒட்டியிருக்கலாம். அப்படியானால் சட்டைக்கு மதிப்பு உண்டு, அச்சுக்கு இல்லை. கண்டுபிடிப்பது இப்படி: முதுகுப் பக்கத்தை உள்ளே திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சூட்டில் அழுத்தி ஒட்டியிருந்தால் பாலியெஸ்டரில் செவ்வகமாக ஒரு மினுமினுப்பு தெரியும். சட்டை மங்கி, நூல் பிசிறியிருக்க, எழுத்து மட்டும் பிளாஸ்டிக் போலப் பளபளத்தால் அது பிற்காலத்தது. துணியும் தையலும் சரியாக இருந்தால், பெயர் ஒட்டிக் கெடுத்த ரெப்ளிகா என்று சொல்லியே விலை பேசுங்கள். வெற்றுச் சட்டையை விடக் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும். 'ஆட்டக்காரர் அணிந்தது' என்ற சொல்லுக்கு ஒரு காசுகூடச் சேர்க்காதீர்கள். எழுத்தைச் சுரண்டி எடுக்கவும் முயலாதீர்கள், பசை துணியோடு வரும்.

சான்றிதழ் யார் கொடுத்தது? விற்பவரே அச்சடித்த தாளில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது வெறும் தாள்தான். 1986இல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அணிந்த சட்டை 2022இல் லண்டன் ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போன பிறகு, 'ஆட்டத்தில் அணிந்தது' என்று சொல்லாத தரகரே இல்லை. அந்தச் சட்டையையே ஆட்டப் படங்களோடு ஒப்பிட்டுத்தான் விற்றார்கள். உங்களவரிடம் எந்த ஆட்டம், எந்தப் படம் என்று கேளுங்கள்.

புற ஊதா டார்ச் அடித்து, துணி மின்னுவதைக் காட்டி 'பழசு' என்பார்கள். பல துவைக்கும் பொடிகளிலேயே ஒளிரும் ரசாயனம் இருக்கிறது. அதில் துவைத்த சட்டை மின்னலாம், நேற்றுத் தைத்ததும்கூட.

விற்பனைத் தளங்கள் 'ரெட்ரோ' என்ற மறுபதிப்பையும் 'ஒரிஜினல்'லையும் ஒரே பிரிவில் கொட்டி வைத்திருக்கின்றன. எந்த ஆண்டில் எந்த லேபிள் தைத்தோம் என்று தயாரிப்பாளர்கள் ஒரு பட்டியல் போட்டாலே பாதித் தொல்லை ஒழியும். செய்ய மாட்டார்கள், பழைய சட்டையில் அவர்களுக்கு லாபம் ஏது? அதனால் வேலை உங்கள் தலையில்தான்.

ஐந்து படம் கேளுங்கள்: கழுத்தின் உட்புறம், பக்கத் தையலின் உட்புறம், சின்னத்தின் பின்பக்கம், எண்ணின் ஓரம் மிக அருகில், முதுகு முழுவதும் உள்ளே திருப்பியபடி. இவற்றில் ஒன்றைத் தர மறுத்தாலும் விட்டுவிடுங்கள்.